நிப்புக்கு முழு வைத்தியம்

மைப் பேனா என்றாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் என் சட்டைப் பையை நாறடித்த சாமான் அது. படிப்பு முடிந்த கையோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எல்லாரையும் போல பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறிவிட்டேன். மூடியைக் கடிப்பேன், தொலைப்பேன், பக்கத்து மேசையிலிருந்து ஒன்றைச் சுட்டுக்கொள்வேன். நிம்மதியாகத்தான் இருந்தேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஒரு நிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அதை வைத்திருப்பவர் வலப்பக்கம் சாய்த்து எழுதுகிறாரா இடப்பக்கமா என்று சொல்கிறேன். எல்லாம் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் வந்த வினை. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போங்கள்.

என் மனைவிக்கு வேறு ஊரில் ஆசிரியை வேலை. இங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கினால் அந்த ஊர் வரும். கல்யாணம் ஆன புதிதில், “ஒரு வருஷம்தான், எப்படியாவது மாத்திக்கிட்டு வந்துடறேன்” என்று அவளிடம் சொன்னேன். மகள் பிறந்தாள், நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டாள். அந்த ஒரு வருஷம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

மகள் அம்மாவை ‘வா, போ’ என்பாள். என்னை மட்டும் ‘வாங்க, போங்க’. அக்கம்பக்கத்தில், பிள்ளையை எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டுகிறார்கள். எனக்கல்லவா தெரியும், அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை என்று. போன தடவை போயிருந்தபோது, “நீங்க எப்போ கிளம்புவீங்க? அந்தத் தலகாணி என் பொம்மையோடது” என்று கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து ஆள் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியாகப் போவதாகத் தெரிந்தது. என் பதவிக்குச் சரியாகப் பொருந்துகிற இடம். எங்கள் இயக்குநர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அதைத் தலைமை அலுவலகம் பதிவு செய்துகொள்ளும், நான் மூட்டையைக் கட்டலாம். விட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். மறுபடி எப்போது காலியாகுமோ, அங்கே உட்காருகிறவரின் ஆயுளைப் பொறுத்தது.

இயக்குநரோ யாரோடும் பேசாத மனுஷர். போய் நின்றால் கோப்பைப் பார்ப்பார், நம்மைப் பார்க்கமாட்டார். அவர் கையெழுத்தும் அவரைப் போலத்தான் இருக்கும். ஒரு குத்து, ஒரு முறிவு, மறுபடி ஒரு குத்து, கடைசியில் காகிதத்தையே கிழிக்கிற மாதிரி ஒரு கீறல். அலுவலகத்தில் அதற்கு முள்வேலி என்று பேர். மற்ற எதை வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம், முள்வேலியை ஒருத்தனாலும் போட முடியாது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

அவருடைய சுருக்கெழுத்தாளரை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம், அவள்தான் எனக்கு வழி காட்டினாள். அவர் மனசு திறந்து பேசுகிற விஷயம் உலகத்திலேயே ஒன்றுதான் என்றாள். குடும்பமா என்று கேட்டேன். “குடும்பத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவாரு. பேனா. மைப் பேனா. பையில ஒண்ணு குத்திக்கிட்டுப் போய்ப் பாரு” என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே பேனாக் கடை தேடிக் கிளம்பினேன். இதற்கென்றே இந்த நகரத்தில் கடைகள் இருக்கின்றன என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. முதலில் போனது பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே ஏசி, மெத்தென்ற விரிப்பு, நகைக்கடை போல வெல்வெட் தட்டு. விற்பனைப் பெண் ஒரு பேனாவைத் தட்டில் வைத்து, கைக்குழந்தையை நீட்டுவது போல நீட்டினாள். இதில் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எழுதமாட்டார்கள் என்று பணிவாகச் சொன்னாள். விலையைக் கேட்டதும் எனக்கும் எழுதுகிற ஆசை போய்விட்டது.

அடுத்த கடை பூட்டுக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இடுக்கில் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் உள்ளே நிற்க முடியாது, ஒருத்தர் வெளியே வந்தால்தான் இன்னொருத்தர் போகலாம். கடைக்காரர் பேனா விற்பதற்காகக் கடை வைத்திருக்கவில்லை, விற்காமல் காப்பாற்றுவதற்காக வைத்திருந்தார். அங்கே ஒரு சட்டம். முதலில் அவர் கொடுக்கிற பென்சிலால் ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு எந்தப் பேனா தகும் என்று அவர் முடிவு செய்வார். நான் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். “இந்தக் கைக்கு பென்சிலே ஜாஸ்தி” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தேவை என்னுடையதாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் போய் நின்றேன். பிறகு ஒரு நாள், யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய கறுப்புப் பேனாவை, அநாதைப் பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போல எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ரிப்பேர் வந்தால் மட்டும் எதிர்ச் சந்தின் மாடிக்குப் போய்விடாதே என்று எச்சரித்தார். அங்கே இருப்பவன் தன் தங்கை புருஷன் என்றும், அவன் கையில் பேனாவைக் கொடுப்பதும் சாக்கடையில் போடுவதும் ஒன்று என்றும் சொன்னார். அவ்வளவு சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? நேரே மாடி ஏறினேன்.

அந்தத் தங்கை புருஷன்தான் நிப்பு டாக்டர். பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. வெள்ளைக் கோட்டு, கண்ணில் கடிகாரக்காரர் மாட்டுகிற லென்ஸ், மேசையில் தேய்க்கிற கல், ஒரு கிண்ணம் தண்ணீர். வருகிற பேனாக்களை நோயாளி என்றுதான் சொல்வார். “நோயாளியைப் படுக்க வைங்க” என்றார் என்னிடம். எதிர்க்கடையில் உங்கள் மச்சான் கொடுத்தது என்று சொன்னதும், அப்படியானால் பிழைப்பது கஷ்டம் என்று உதட்டைப் பிதுக்கினார். பத்து நிமிஷம் தேய்த்துக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், எழுதிப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கோழிக்கிறுக்கல்கூட மனுஷன் எழுதியது போல இருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பேனாவைப் பையில் குத்திக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் என் பையைப் பார்த்தார். எந்தக் கடை என்று கேட்டார். சொன்னேன். உட்காருங்கள் என்றார். அந்த அறையில் உட்கார்ந்த முதல் எழுத்தர் நான்தான் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

அவருக்குக் கடைக்குப் போக ஆசை, பதவி விடவில்லை. இயக்குநர் போய் ஓர் இடுக்கில் நின்று பென்சிலால் எழுதிக் காட்டுவதாவது. ஆகவே நான் போனேன். சனிக்கிழமை கடைகளைச் சுற்றுவேன், திங்கட்கிழமை என்னென்ன வந்திருக்கிறது, யார் யாரைத் திட்டினார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ப்பேன். நிப்பு டாக்டர் லேசில் யாரையும் மாடியேற விடமாட்டார், என் முகத்துக்காகத்தான் கதவைத் திறக்கிறார் என்று ஒரு தடவை அளந்துவிட்டேன். உண்மையில் அவர் ஆள் கிடைக்காமல் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு சங்கடம். சனி, ஞாயிறுதான் நான் ஊருக்குப் போகிற நாட்கள். குடும்பத்தோடு சேர்வதற்காகக் குடும்பத்தைப் பார்க்கப் போவதை நிறுத்தவேண்டியதாயிற்று. மனைவி போனில் கேட்டாள், இந்த வாரமும் வரவில்லையா என்று. இயக்குநரைக் காக்கா பிடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாள்தான் என்றேன். “இந்த ‘கொஞ்ச நாள்’ நீங்க சொன்ன ‘ஒரு வருஷத்துக்கு’ தம்பியா?” என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் அன்றைக்கு அவள் குரலில் சிரிப்பு இல்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வாய்ப்பு வந்தது. நான் இடமாற்ற விண்ணப்பத்தோடு போயிருந்தேன். இயக்குநர் படித்தார், மறுக்கவில்லை. திங்கட்கிழமை உத்தரவைத் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், போட்டுவிடலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது அவர் தன் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே, கொஞ்ச நாளாக இது காகிதத்தில் கீறுகிறது என்று வருத்தப்பட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையெழுத்துப் போட்டு வருகிற பேனா அது. கொடுங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

நிப்பு டாக்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இந்த மனுஷர் பேனாவைத் தப்பாகப் பிடித்து, ஒரே பக்கமாகச் சாய்த்து, அழுத்திக் குத்திக் குத்தி நிப்பையே கோணலாகத் தேய்த்து வைத்திருக்கிறார் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

“கீறல் மட்டும் எடுக்கவா, முழு வைத்தியமா?”

கீறலை எடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கலாம். யார் தடுத்தார்கள்? ஆனால் இயக்குநருக்கு ஐஸ் வைப்பதென்று ஆன பிறகு அரைகுறையாக வைப்பானேன். முழு வைத்தியம் என்றேன். அவர் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தக் கோணலை எல்லாம் கல்லில் தேய்த்து, நிப்பை நேராக்கி, உருட்டி, வழவழவென்று ஆக்கிக் கொடுத்தார். எழுதினால் பனிக்கட்டியில் வழுக்குவது போலப் போயிற்று.

திங்கட்கிழமை இயக்குநர் அதில் ஒரு கோடு போட்டார். இன்னொரு கோடு போட்டார். வாயெல்லாம் பல். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று அவர் வீட்டுக்காவது தெரியுமோ என்னவோ. முதல் வேலையாக என் உத்தரவை எடுத்து, சர்ரென்று ஒரு கையெழுத்துப் போட்டார். குத்து இல்லை, முறிவு இல்லை. சுழித்து, வளைந்து, கடைசியில் வால் தன்பாட்டுக்கு ஓடி ஓரத்தில் போய் நின்றது. அழகாக இருந்தது. மனசாரச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அது கல்யாணக் கோலம் மாதிரி தெரிந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் உத்தரவு திரும்பி வந்தது. தலைமை அலுவலகத்தில் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பொருந்தவில்லையாம். அது மட்டும் இல்லை, இயக்குநர் அந்த வாரம் கையெழுத்திட்ட அத்தனை காகிதமும் கட்டாகக் கட்டித் திரும்பி வந்துவிட்டது. பழையபடி கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் புது மாதிரி அனுப்புங்கள் என்று ஒரு வரி. அலுவலகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பேனா சனி, ஞாயிறு முழுக்க யாரிடம் இருந்தது என்று கணக்குப் போடுகிற பார்வை.

இயக்குநர் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைக் காகிதத்தில் பழைய முள்வேலியைப் போட்டுப் பார்த்தார். சுருக்கெழுத்தாளர் அக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம். குத்த வேண்டிய இடத்தில் நிப்பு வழுக்கியது. அக்காவின் பேனாவை வாங்கிப் போட்டார், அது வேறு மாதிரி வந்தது. பழைய கோப்பு ஒன்றை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் போட்டார். தன் கையெழுத்தைத் தானே கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பழகுகிற ஒரு பெரிய அதிகாரியை நான் அன்றுதான் பார்த்தேன். போடப் போட இன்னும் போலியாக வந்தது. இத்தனை வருஷம் பார்த்ததில் முள்வேலி எனக்கு அத்துப்படி, என்னைக் கேட்டிருந்தால் நானே இதைவிட நன்றாகப் போட்டிருப்பேன். சொல்ல முடியுமா அதை?

அன்று மாலையே பேனாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பழையபடி கோணலாக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். நிப்பு டாக்டர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“குணமான நோயாளிக்கு மறுபடி நோய் வரவைக்கச் சொல்றீங்களா? அது எனக்குத் தெரியாதுங்க. அவரையே இன்னொரு முப்பது வருஷம் குத்தச் சொல்லுங்க, வந்துடும்.”

எதிரில் இருந்த மச்சானின் பேனாக் கடைக்கும் போனேன். சாக்கடையில் போடாதே என்று சொன்னேனா இல்லையா என்றார். அந்தச் சந்தோஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இயக்குநர் வேறு வழியில்லாமல் புதுக் கையெழுத்தையே மாதிரியாக அனுப்பினார். ஒரு நாற்காலிக்குக் கால் மாட்டவே ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிற எங்கள் தலைமை அலுவலகம், இதை நாலே நாளில் ஏற்றுக்கொண்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலியான இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. உத்தரவைப் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லி, அக்காவிடம் இனிப்புக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, இயக்குநர் அறைக்குப் போனேன்.

அவர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். நிப்பை வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி மூடினார்.

“இனிமே இந்தப் பேனாதான் என் கையெழுத்து. நிப்பு இம்மி மாறினாலும் எல்லாம் திரும்பி வந்துடும். மாசாமாசம் டாக்டர்கிட்ட காட்டணும் இல்லையா?”

அக்காவிடம் முகவரி கொடுத்துவிட்டுப் போகிறேன் சார், வேண்டுமானால் நானே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“உங்க முகத்துக்காகத்தானே அவர் கதவையே திறக்கிறாரு? நீங்க போயிட்டா இதை யாரு பார்த்துக்குவா?”

அது நான் அளந்தது சார், அவர் ஜன்னலில் நின்று ஆள் வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் சார் என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். உங்களுக்குப் பெருமையே பிடிக்காது என்றார். இரண்டாவது தடவை சிரித்ததில், அவர் என்னை எவ்வளவு நேசிக்கிறார் என்பது தெரிந்தது. நான் ஓய்வு பெறுகிறவரைக்கும் இருங்கள், அதிக நாள் இல்லை, ஆறு வருஷம்தான், உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்றார். என் மேசையைத் தன் அறை வாசலுக்கே மாற்றச் சொல்லி, அந்த வழவழப்பான கையெழுத்தை அதற்கான குறிப்பில் போட்டார். வெளியே வந்தால் பத்துப் பேர் கை கொடுத்தார்கள். இந்த அலுவலகத்தில் இயக்குநரால் விடவே முடியாத ஒரே ஆள் நான்தான் என்று பொறாமைப்பட்டார்கள். அக்கா மட்டும் இனிப்புப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசையிலேயே வைத்திருந்தாள்.

நான் தங்கியிருக்கிற அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கே தொடங்குவது? நிப்பு, கோணல், முள்வேலி என்று எதைச் சொன்னாலும் குடிகாரன் உளறல் போல இருக்கும். இருந்தாலும் மனைவியைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திட்டமாட்டாளா என்று காத்திருந்தேன்.

“சரி,” என்றாள் கடைசியில். “பீரோவுல உங்களுக்குன்னு மேல் தட்டு ரெண்டையும் காலி பண்ணி வச்சிருந்தேன். பாப்பா துணியெல்லாம் வெளியிலயே கிடக்குது. எடுத்து உள்ள வச்சுடறேன்.”